காது மடங்கிய பூனை

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கவலையக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்கிற பெயர் இல்லை. முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பி என்ன என்று கேட்பாள். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் இருந்தது.

அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை ஒன்றில் அவளுக்கு வேலை. மேலே தியேட்டரில் ஆபரேஷன் முடிந்ததும் கத்தரி, இடுக்கி, கத்திப்பிடி எல்லாம் ரத்தமும் பிசுக்குமாக ஒரு சின்ன லிஃப்டில் இறங்கி வரும். அவற்றை ஊறவைத்து, பிரஷ் போட்டுப் பல்லிடுக்கு வரைக்கும் தேய்த்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, தட்டில் அடுக்கி, துணியில் சுற்றி, டேப் ஒட்டி, கிருமியைக் கொல்லும் ஆவிப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். அந்த டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். உள்ளே சூடு சரியாக ஏறினால் கோடு கறுத்துவிடும், கறுக்கவில்லையென்றால் கட்டைப் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். இவள் கட்டிய கட்டைத் தியேட்டர் திருப்பி அனுப்பியதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறது. இவள் விஷயத்தில் நினைப்பே பிழைப்பாகிவிட்டது.

அவள் கொள்கை ரொம்ப எளிது. உலகத்தில் எதுவும் நாம் நினைத்தபடி நடப்பதில்லை. இதை யாராவது இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. அப்படியானால் எந்தக் கெட்டதையெல்லாம் முன்கூட்டியே நினைத்துவிடுகிறோமோ அதெல்லாம் நடக்காது. நினைக்காமல் விட்டதுதான் சந்து பார்த்து உள்ளே நுழையும். எங்கே ஓட்டை என்று தேடிப் பாருங்கள், சட்டென்று கிடைக்காது.

இது எங்கே ஆரம்பித்தது என்றும் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒருநாள் தோழி வீட்டில் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பார்த்து, கொத்தனாராக இருந்த அவள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். சாரக்கட்டையில் கட்டிய கயிறு இற்றுப்போனதற்கும் மகள் சிரித்ததற்கும் என்ன சம்பந்தம்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் அந்தப் பனம்பழம் விழுந்தது அவள் தலையில். வலி அவளுக்குத்தானே தெரியும்.

அன்றிலிருந்து எதையும் நினைக்காமல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். அதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், பஸ் கவிழ்வதாக நினைத்தால் மட்டும் போதாது. எந்தத் திருப்பத்தில், எந்தப் பக்கமாக, பிள்ளை எந்த சீட்டில், என்ன நிறச் சட்டையில் என்பது வரைக்கும் நினைத்தாக வேண்டும். சாயங்காலம் பிள்ளை முழுசாக வீடு வந்து சேர்ந்ததும் அவளுக்கு ஒரு களைப்பு வரும், பஸ்ஸை அவள்தான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்த மாதிரி.

அவள் புருஷன் சாவி செய்து கொடுக்கிற கடை வைத்திருந்தார். எதைச் சொன்னாலும் வந்தால் பார்த்துக்கலாம் என்பார். படுத்தால் கும்பகர்ணன். வீட்டில் ஒருத்தர் விழித்துக்கொண்டு கவலைப்படுவதால்தான் இன்னொருத்தர் இப்படிக் குறட்டை விட முடிகிறது என்று அவள் சொல்லிக்காட்டுவாள். அவர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. மறுத்தால் தூக்கம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் தங்கள் கவலையை இவளிடம் ஒப்படைக்கிற வழக்கத்தை ஆரம்பித்து வைத்தது தியேட்டர் சிஸ்டர். பருத்த உடம்பு, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற வாய். ஒருநாள் கருவி வாங்க இறங்கி வந்தபோது, தம்பிக்கு இன்டர்வியூ இருக்கிறது, தனக்கோ வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, தனக்கும் சேர்த்து அக்காவே கவலைப்பட்டுவிடட்டும் என்று கேலியாகச் சொன்னாள். இவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பி எந்த வழியாகப் போவான், திக்குவாய் உண்டா, கேள்வி கேட்பவர்கள் சிடுமூஞ்சிகளா என்று விவரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் ஆள் ஆளாகக் கருவி அறை வாசலில் தலையை நீட்டுவார்கள். பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டுக்காரருக்கு மாற்றல், பக்கத்து வீட்டில் தகராறு என்று ஒப்படைத்துவிட்டு லேசாக மாடி ஏறுவார்கள். இவள் பிரஷ்ஷைத் தேய்த்தபடி ஒவ்வொன்றையும் முறையாக நடத்தி முடிப்பாள்.

இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. காரியம் ஆனதும் வந்து, முடிந்தது, விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாதவரை இவள் விடமாட்டாள். ஒருத்தி தன் மாமியாரின் கண் ஆபரேஷனை ஒப்படைத்துவிட்டு, நல்லபடியாக முடிந்ததைச் சொல்லாமலே லீவில் போய்விட்டாள். அவள் திரும்பி வருகிறவரை அந்த முன்பின் தெரியாத கண்ணைச் சுமந்து இவள் பாதியாக இளைத்துப்போனாள். மாமியார் அதற்குள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாராம்.

எல்லாருடைய கவலையையும் துணியில் சுற்றி உள்ளே வைத்து ஒரு சுற்று விட்டால் என்னக்கா என்று ஆவிப் பெட்டிக்காரர் கேட்பார். பக்கத்து மேஜையில் வேலை பார்ப்பவர், நல்ல மனுஷர். கோடு கறுத்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் இது தன்னை அரிக்கிறது என்பது அவளுக்கே தெரியும். இப்படியே போனால் மூளை குழம்பிவிடுமோ, ரத்தக்கொதிப்பு வந்துவிடுமோ என்று அதற்கும் ஒரு கவலை. ஒரு டாக்டர் எதையும் நினைக்காதீர்கள் என்றார். எதையெல்லாம் நினைக்கக் கூடாது என்று ஞாபகம் வைத்துக்கொள்வதே பெரிய வேலையாகிவிட்டது. இன்னொருவர், சாயங்காலம் கொஞ்ச நேரம் ஒதுக்கி, எல்லாக் கவலையையும் அப்போது மட்டும் படச் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் சாயங்காலத்துக்குள் எதாவது மறந்துவிடுமே என்று காலையிலிருந்தே அவள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

மகள் ஒரே மகள். கல்யாணமாகி, பஸ்ஸில் போகிற தூரத்தில் குடியிருந்தாள். தினமும் காலையில் கையுறை மாட்டுவதற்கு முன் இவள் போன் செய்வாள். எடுக்காவிட்டால் மறுபடி செய்வாள். அப்படியும் எடுக்காவிட்டால் சாவிக்கடையைப் பூட்டிவிட்டுப் புருஷன் மகள் வீட்டுக்கு ஓட வேண்டும். அதனால் மகள் காய்ச்சல் வந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு நல்ல குரலில் பேசப் பழகியிருந்தாள். மாடிப்படியில் சறுக்கியதையும் மாப்பிள்ளைக்கு வேலை ஆட்டம் கண்டதையும் எல்லாம் சரியான பிறகும் சொல்லவில்லை. மகளுக்கு ஒரு நோய் நொடி வருவதில்லை என்று இவளுக்குப் பெருமை. எல்லாம் தான் படுகிற கவலையின் பலன் என்று நம்பினாள்.

ஒரு காலையில் தியேட்டர் சிஸ்டர் லிஃப்டில் கருவி வருவதற்கு முன்னால் தானே இறங்கி வந்தாள். பூனையைக் காணோம் என்றாள். சிஸ்டருக்குப் பூனை இருப்பதே இவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்ன நிறம் என்று கேட்டாள். வெள்ளை, அங்கங்கே பழுப்பு. ஆணா பெண்ணா? சிஸ்டர் கொஞ்சம் யோசித்துப் பெண் என்றாள். அடையாளம் எதாவது? ஒரு காது மடங்கியிருக்கும். எந்தக் காது? இடது. எப்படிப் போனது? பால்கனி வழியாக. எத்தனையாவது மாடி என்று கேட்டபோது சிஸ்டருக்கு வியர்த்துவிட்டது. இவள், அது ஒழுங்காகச் சாப்பிடுமா, நாய் தொல்லை உண்டா, ரோடு எவ்வளவு தூரம் என்று ஒன்றுவிடாமல் கேட்டு வைத்துக்கொண்டாள்.

அன்று காலை மகள் போனை எடுக்கவில்லை. புருஷனிடம் கேட்டால், மாப்பிள்ளையோடு வெளியூர் போயிருக்கிறாள், அங்கே சிக்னல் கிடைக்காது என்று நேற்றே சொன்னாளே என்றார். வேறு நாளாக இருந்தால் அந்த வெளியூரைப் பிய்த்து எடுத்திருப்பாள். அன்றைக்குக் கையில் பூனை இருந்தது. தியேட்டரில் இரண்டாவது மேஜைக்குச் சின்னக் கட்டி எடுக்கிற செட் ஒன்று வேண்டும் என்று மேலிருந்து கேட்டார்கள். முந்தின நாள் கட்டி வைத்ததில் கோடு கறுத்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து லிஃப்டில் ஏற்றினாள். அந்த நேரம் முழுக்க அவள் மனசில் அந்த மடங்கிய காது ஒரு லாரிச் சக்கரத்துக்கு எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மகள் ஊரிலிருந்து திரும்பியதாகச் சொன்னாள். போனில் குரல் நன்றாகத்தான் இருந்தது. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே நாளைக் கடத்தினாள். இவள் அதையும் கவனிக்கவில்லை. சிஸ்டர் வந்து விடச் சொல்லவில்லையே, அதனால் பூனையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு வாரம் போனது. போகிற வழியில் நிற்கிற கார்களுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். கடைசியில் பொறுக்க முடியாமல் தானே மாடி ஏறினாள்.

சிஸ்டர் தியேட்டர் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"பூனை வந்துடுச்சா சிஸ்டர்?"

"எந்தப் பூனை?" என்றாள் சிஸ்டர்.

சொல்லி முடிப்பதற்குள் சிஸ்டரின் முகம் மாறிவிட்டது. டம்ளரை வைத்துவிட்டு இவளைக் கையைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்தாள். சுற்றி வளைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"பூனையே இல்லக்கா. எனக்குப் பூனை பக்கத்துல வந்தாலே தும்மல் வரும். அன்னைக்கு ரெண்டாவது டேபிள்ல படுத்திருந்தது உங்க பொண்ணு. மார்புல ஒரு கட்டி. எடுத்தாச்சு, நல்லா இருக்கா."

அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி சிஸ்டரே எதிர்பார்க்காதது.

"நான் கட்டின செட்டா?"

"நீங்க கட்டினதுதான். அது இல்லாம படுக்கவே மாட்டேன்னுட்டா உங்க பொண்ணு."

அன்றைக்கு அவள் மீதி வேலையை எப்படி முடித்தாள் என்று ஆவிப் பெட்டிக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவருக்கும் விஷயம் தெரியும், மாடியில் எல்லாருக்குமே தெரியும், அவளுக்கு மட்டும்தான் தெரியாது. இது தெரிந்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போனதும் புருஷனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தெரியும் என்றார் அவர். ஆபரேஷன் அன்று கடையைத் திறக்கவில்லை, தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன், அன்று ராத்திரி மட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். அவள் யோசித்துப் பார்த்தாள். அந்த ராத்திரி அவர் புரண்டுகொண்டிருந்தது ஞாபகம் வந்தது. பூனையை நினைத்துக்கொண்டிருந்ததால் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே மகள் வீட்டுக்குப் போனார்கள். மகள் கதவைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இவள் பஸ்ஸில் வரும்போது நிறைய ஒத்திகை பார்த்திருந்தாள். பெத்தவளுக்குச் சொல்லாமல் அறுத்துக்கொள்கிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தவள், பாதியிலேயே அழுதுவிட்டாள். மகள் சேர்ந்து அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? அழுதிருப்பே. நான் உன்னைத் தேத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தானேம்மா நடக்குது? இந்தத் தடவை படுக்கப்போறது நான். உன்னைத் தேத்த எனக்குத் தெம்பு இல்ல."

"அப்போ அந்த ஆஸ்பத்திரிக்கு ஏன்டி வந்தே? வேற எங்கயாவது போயிருக்கலாம்ல?"

"நீ கழுவின கருவிதான் என் மேல படணும்னு வந்தேன். உன் கைய நம்பித்தான்மா வந்தேன்."

புருஷன் ஜன்னல் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், சரியாகத்தான் இருந்தது. மகளே மீதியையும் சொன்னாள். எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை முடிவு தெரியும். மாப்பிள்ளைக்கு அன்று லீவு கிடைக்காது. அம்மா துணைக்கு வருவதானால் வரலாம். ஆனால் தேற்றமாட்டேன், அதற்குச் சம்மதம் என்றால் வா என்றாள். இவள் தலையை ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் பட்ட பாடு இருக்கிறதே, அது சாதாரணப் பாடு இல்லை. மகளுக்கு என்ன வந்திருக்கும் என்று முறைப்படி நினைக்க உட்கார்ந்தால் நினைப்பு ஓடவில்லை. எல்லாவற்றையும் விவரமாக நினைத்துக் காப்பாற்றுகிறவள், மகள் கத்திக்குக் கீழே கிடந்த நேரத்தில் ஒரு துளிகூடக் கவலைப்படவில்லை. ஆனாலும் மகள் நல்லபடியாக எழுந்து வந்துவிட்டாள். அப்படியென்றால் இத்தனை வருஷம் பட்டதெல்லாம் எதற்கு? அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. ஒருவேளை பூனைக்காகப் பட்டது வழிதெரியாமல் மகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமோ என்று ஆவிப் பெட்டிக்காரரிடம் கேட்டாள். தபால்காரர் பக்கத்து வீட்டு லெட்டரை நம் வீட்டில் போட்ட மாதிரியா அக்கா என்றார் அவர். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பழைய பயமும் கூடவே வந்தது. அப்பா விழுந்த அன்றும் சிரித்துக்கொண்டுதானே இருந்தாள்? இருந்தாலும் கை பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் அன்றைக்கும் அப்படித்தான், மனசு லாரிக்கு அடியில் கிடந்தது, கை இடுக்கியின் பல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்தது. கைக்கும் மனசுக்கும் அவ்வளவு ஒட்டில்லை என்பது அவளுக்குப் புதுசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் மின்விசிறி சத்தம் போட்டது. உள்ளே போனவர்கள் வெளியே வருகிறபோதெல்லாம் எல்லாரும் அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாலே அழுகை வந்துவிடும் என்று எதிரிலிருந்த தண்ணீர் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளின் கால் ஆடிக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்தே பார்த்த கால், இவளுக்குத் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் மகளின் கை வந்து இவள் கையைப் பிடித்தது. கை சில்லென்று இருந்தது.

"அம்மா, பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் மகள் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை. சொல்லவிடாமல் இவளே முந்திக்கொண்டு பயந்துவிடுவாள். இப்போதும் முந்திக்கொள்ளலாம். எனக்கும்தான்டி என்று சொல்லி ஓவென்று அழுதுவிட்டால் நிம்மதியாக இருக்கும். அப்புறம் மகள்தான் இவளைத் தேற்ற வேண்டியிருக்கும். பயத்தைச் சுமக்கத் தெரிந்தவளுக்கு அதை இன்னொருத்தர் தோளிலிருந்து எப்படி இறக்குவது என்று தெரியவில்லை. என்னென்னவோ யோசித்தாள். கடைசியில் அவளிடம் இருந்தது ஒன்றுதான்.

"அந்தப் பூனை இப்போ எங்க இருக்கும்னு நினைக்கிறே?"

மகள் திரும்பிப் பார்த்தாள். "எந்தப் பூனை?"

"சிஸ்டர் பூனை. வெள்ளை, அங்கங்க பழுப்பு. இடது காது மடங்கியிருக்கும். பால்கனி வழியா போயிடுச்சு."

"அது பொய்ப் பூனைம்மா."

"பொய்னா என்ன, ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம அலையுது. அதுவும் பெண்பூனை."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுத்ததில் கையை அங்கே வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மகளும் பூனைக் கதையில் சேர்ந்துகொண்டாள். பால்கனிக்குக் கீழே தகரக் கூரை இருந்திருக்கும், அதில் குதித்திருக்கும் என்றாள். மீன் விற்கிற கடைப்பக்கம் ஒதுங்கியிருக்கும் என்றாள். அங்கே நாய் உண்டே என்று இவள் சொன்னாள். காது மடங்கிய பூனைக்கு நாய்களெல்லாம் பழக்கம்தான், அந்தக் காதே நாய்ச் சண்டையில் மடங்கியதுதானே என்று மகள் அடித்துச் சொன்னாள். பூனை ஒரு மதில் ஏறி, ஒரு மாடிப்படி இறங்கி, யாரோ ஒரு வீட்டு வாசலில் கால் மிதியில் சுருண்டுகொண்டபோது உள்ளேயிருந்து மகள் பெயரைக் கூப்பிட்டார்கள். கால் ஆட்டம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

டாக்டர் அவசரக்காரர். அவர்கள் உட்காருவதற்குள்ளேயே சொல்லிவிட்டார். சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, தையல் பிரிக்க அடுத்த வாரம் வந்தால் போதும். மகள் இரண்டாம் தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். இவள் ஒன்றும் கேட்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

வெளியே வந்து மகளோடு படிக்கட்டில் இறங்க ஆரம்பித்தவள் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் அங்கே கொட்டியது. போகிறவர் வருகிறவர் ஒதுங்கிப் போனார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தேற்றமாட்டேன் என்று சொன்னதை மறந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நல்ல சேதிதானேம்மா? இப்போ எதுக்கு அழறே?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் வாசல் பக்கம் போகவில்லை, தியேட்டருக்குப் போகிற மாடிப்படியைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்கம்மா போறே?"

"இங்கயே இரு, ஒரு நிமிஷம். சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். பூனை வந்துடுச்சு, நான் விட்டுட்டேன்னு."